கணினி ஏன் மறுக்கிறது?

வீட்டுக் கணினியில் உபுண்டு அல்லது டெபியன் என்னும் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டு, மாதக்கணக்கில் எவ்விதச் சிரமமுமின்றிக் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பழகிவந்த ஒருவர், ஒரு நாள் புதிதாகச் சிறு மென்பொருள் ஒன்றை நிறுவ விரும்பி, நண்பர் சொல்லிக்கொடுத்தபடி ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்திருக்கையில், வரிவரியாக ஓடும் செய்திகளின் முடிவில் ‘404’ என்றும், ‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்றும், ‘பொதுச் சாவி இல்லை’ என்றும் யந்திரம் மறுமொழி கூறி நின்றுவிடுவது அடிக்கடி நிகழும் விஷயம். அதே நேரத்தில் உலாவியைத் திறந்தால் செய்தித்தாள் வருகிறது, மின்னஞ்சல் வருகிறது, திரைப்படம்கூடத் தடையின்றி ஓடுகிறது. இணைப்பில் குறையில்லை, யந்திரத்திலும் குறையில்லை, ஆயினும் நேற்றுவரை நடந்த காரியம் இன்று நடக்கவில்லை என்றால், குற்றம் எங்கே இருக்கிறது?

இந்த வினாவுக்கு விடை காண வேண்டுமானால், அந்தக் கட்டளை பிறந்தவுடன் கணினி என்ன செய்கிறது என்பதைக் கிரமமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு, திரையில் தோன்றும் சிவப்பு எழுத்துக்கள் நம்மைக் கலங்கவைப்பதில்லை. கணினி நடத்திய பல பரிசோதனைகளில் எது தேறவில்லை என்பதை அவை மிகவும் துல்லியமாக எடுத்துச் சொல்லுகின்றன என்பது விளங்கும்.

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக், 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் தனித்தனியே தேடிச் சென்று பெறுகிற வழக்கத்துக்கு மாறாக, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஓரிடத்தில் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து, ஒரே கட்டாக வெளியிடுவது அத்திட்டத்தின் விசேஷம். அப்படிச் சேர்த்து வைத்த இடத்தைக் களஞ்சியம் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு மென்பொருளையும் பொதி என்றும் தமிழில் வழங்குகிறோம். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ‘புக்வார்ம்’ என்னும் பன்னிரண்டாம் பதிப்பின் களஞ்சியத்தில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. களஞ்சியத்திலிருந்து வேண்டிய பொதியையும், அது இயங்குவதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் தானே கண்டறிந்து கொண்டுவந்து சேர்க்கும் கருவிக்கு ஆப்ட் என்று பெயர். 1999-இல் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் அது இடம்பெற்றது. 2004-இல் தோன்றிய உபுண்டுவும், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலால் இங்கே சொல்லப்படுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்தக் களஞ்சியத்துக்குப் போவது என்பதை ஆப்ட் தானாக ஊகிப்பதில்லை. ‘இடிசி’ என்னும் அடைவுக்குள் ‘ஆப்ட்’ என்னும் அடைவில் ‘சோர்சஸ்.லிஸ்ட்’ என்றொரு கோப்பு இருக்கிறது. மூலப் பட்டியல் என்று அதனை அழைக்கலாம். எவரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு அது. அதன் ஒரு வரியை அருகே வைத்துப் பார்ப்போம்.

டெப் எச்டிடிபி://டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன் புக்வார்ம் மெயின்

ஆங்கில எழுத்தில் இவ்வாறு அமையும் இவ்வரியில் உள்ளவை நான்கே சொற்கள். ‘டெப்’ என்பது, நமக்கு வேண்டியது உடனே இயங்கக்கூடிய ஆயத்தப் பொதி என்பதைக் குறிக்கிறது. மூலநிரல் வேண்டுமானால் அவ்விடத்தில் ‘டெப்-எஸ்ஆர்சி’ என்று இருக்கும். இரண்டாவது சொல் களஞ்சியத்தின் முகவரி. மூன்றாவது பதிப்பின் பெயர். நான்காவது அப்பதிப்பின் எந்தப் பகுதி என்பது. டெபியனில் ‘மெயின்’ பகுதியோடு ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’, ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்னும் பகுதிகளும், உபுண்டுவில் ‘மெயின்’, ‘ரெஸ்ட்ரிக்டெட்’, ‘யூனிவர்ஸ்’, ‘மல்டிவர்ஸ்’ என நான்கு பகுதிகளும் உண்டு. 24.04 முதலாக உபுண்டுவில் இதே விவரங்கள் ‘உபுண்டு.சோர்சஸ்’ என்ற வேறொரு கோப்பில், ஒவ்வொன்றும் தனித்தனித் தலைப்பின்கீழ் எழுதப்படுகின்றன. உருவம் மாறினாலும் கேட்கப்படும் கேள்விகள் அவையே.

இனி, அப்டேட் கட்டளை பிறந்ததும் நடப்பதைக் காண்போம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் ஆப்ட் சென்று, முதலில் ‘இன்ரிலீஸ்’ என்னும் சிறு கோப்பைக் கேட்கிறது. அக்கோப்பில் பதிப்பின் பெயரும், அது தயாரான தேதியும், களஞ்சியத்தின் பொதி அட்டவணைகள் ஒவ்வொன்றின் அளவும் சரிபார்ப்பு எண்ணும் எழுதப்பட்டு, கீழே களஞ்சியத்தாரின் மின்கையொப்பம் இடப்பட்டிருக்கும். கையொப்பம் சரியாக இருந்தால்தான் ஆப்ட் அடுத்த படிக்குப் போய், ‘பேக்கேஜஸ்’ என்னும் அட்டவணையைப் பெற்று, அதன் சரிபார்ப்பு எண்ணைத் தானே கணக்கிட்டு, முன் கோப்பில் கண்டதோடு ஒப்பிடுகிறது. அந்த அட்டவணையிலோ, ஒவ்வொரு பொதியின் பெயரும் அதன் பதிப்பெண்ணும் இருப்பிடமும் சரிபார்ப்பு எண்ணும் காணப்படும். பின்னர் நாம் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லும்போது, வந்து சேர்ந்த பொதியின் எண்ணைக் கணக்கிட்டு, அட்டவணையில் உள்ளதோடு ஒத்தால் மாத்திரமே ஆப்ட் அதை ஏற்கிறது.

நிலம் வாங்கப்போகும் ஒருவர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுப்பதில்லை; கையிலிருக்கும் கிரயப் பத்திரம் எந்த முந்தைய பத்திரத்தைக் குறிப்பிடுகிறதோ அதைப் பார்த்து, அதிலிருந்து அதற்கும் முந்தியதைப் பார்த்து, தாய்ப்பத்திரம் வரையில் பின்னோக்கிச் சென்று, எந்த இடத்திலும் தொடர்ச்சி அறுபடவில்லை என்று கண்ட பிறகே சம்மதிக்கிறார். ஆப்ட் செய்வதும் இதுவே. பொதிக்கு ஆதாரம் அட்டவணை. அட்டவணைக்கு ஆதாரம் இன்ரிலீஸ் கோப்பு. அக்கோப்புக்கு ஆதாரம் களஞ்சியத்தாரின் கையொப்பம். கையொப்பத்துக்கு ஆதாரம், கணினியில் முதன்முதலாக இயங்குதளத்தை நிறுவியபோதே வட்டில் வந்து அமர்ந்துவிட்ட பொதுச் சாவி. நடுவில் ஒரு கண்ணி குறைந்தாலும் காரியம் நின்றுவிடுகிறது. ஆப்ட் பெரும்பாலும் மறைக்குறியீடு இல்லாத சாதாரண எச்டிடிபி வழியிலேயே கோப்புகளைப் பெற்றுக்கொண்டும், உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் பிரதித் தளங்களிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டும் அச்சமின்றி இருக்க முடிவதற்கு இந்தத் தொடர்ச்சியே காரணம்.

சரிபார்ப்பு எண்ணையும் கையொப்பத்தையும் இவ்வளவு நம்பலாம் என்பது நமக்கு எப்படித் தெரியும்? எஸ்எச்ஏ-256 என்னும் கணிதமுறை, எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதிலிருந்து 64 குறிகள் கொண்ட ஓர் எண்ணை உண்டாக்குகிறது. வாசகர்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு சிறு கோப்பில் இரண்டு வரி எழுதிச் சேமித்து, ‘எஸ்எச்ஏ256சம்’ என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கோப்பில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைக் கூட்டி மறுபடியும் கட்டளையைக் கொடுத்தால், இரண்டாவது எண் முதலாவதோடு எவ்விதச் சாயலும் இல்லாமல் முற்றிலும் வேறாக இருப்பதைக் காணலாம். இம்முறையில் தோன்றக்கூடிய எண்களின் தொகை 78 இலக்கங்கள் கொண்டது. வெவ்வேறான இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு இதுகாறும் எவரும் செய்துகாட்டியதில்லை. எம்டி5 என்னும் பழைய முறையில் 2004-இலும், எஸ்எச்ஏ-1 என்பதில் 2017-இலும் அவ்வாறு செய்துகாட்டினார்கள். அம்முறைகளை ஆப்ட் இப்போது ஆதாரமாகக் கொள்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இடைவிடாமல் உடைக்க முயன்று, உடைந்தவற்றைத் தள்ளி, உடையாதவற்றை மாத்திரம் வைத்துக்கொள்ளும் இந்த நடைமுறையே நமது நம்பிக்கையின் அஸ்திவாரம்.

கையொப்பத்தின் தத்துவத்தை 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதைச் செயற்படுத்தும் வழியைக் கண்டார்கள். இதில் சாவிகள் இரண்டு. அந்தரங்கச் சாவி களஞ்சியத்தாரிடம் மட்டும் இருக்கும். பொதுச் சாவியை உலகத்தார் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். முதலாவதால் இட்ட கையொப்பத்தை இரண்டாவதால் சரிபார்க்க முடியும். ஆனால் இரண்டாவதை வைத்துக்கொண்டு கையொப்பம் இட முடியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு பிழைச் செய்திகளைப் படிப்பது எளிது. ‘மால்ஃபார்ம்ட் என்ட்ரி’ என்று தொடங்கும் செய்தி, ஆப்ட் வீட்டை விட்டே புறப்படவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. நான்கு சொற்களில் ஒன்று விடுபட்டிருக்கலாம். முகவரியில் ஓர் இடைவெளி புகுந்திருக்கலாம். வேறெங்கோ பார்த்துப் பிரதி எடுத்த வரி இரண்டாக முறிந்திருக்கலாம். எந்தக் கோப்பில் எத்தனையாவது பதிவு என்பதைச் செய்தியே குறிப்பிடுவதால், அவ்விடத்துக்குச் சென்று எழுத்தைத் திருத்தினால் போதும். ஒரு பதிவு பிழையாக இருந்தாலும் பட்டியல் முழுவதையும் ஆப்ட் வாசிக்க மறுத்துவிடுகிறது. எல்லாமே கெட்டுவிட்டது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுவே. ‘ஒன்றுக்கு மேற்பட்ட முறை அமைக்கப்பட்டுள்ளது’ என்னும் செய்தியோ, ஒரே வரி இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்னும் எச்சரிக்கை மட்டுமே. அதனால் தீங்கில்லை, ஒன்றை நீக்கிவிடலாம்.

‘404’ என்றும் ‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்றும் வரும்போது, ஆப்ட் அவ்விடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் கேட்ட பதிப்பு அங்கே இல்லை என்று பொருள். இதற்கு மிகவும் சாதாரணமான காரணம், பதிப்பின் ஆயுட்காலம் முடிந்திருப்பது. உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளிவரும் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதமே பராமரிப்பு உண்டு; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு. 2023 அக்டோபரில் வந்த 23.10 என்னும் ‘மான்டிக்’ பதிப்பு 2024 ஜூலையில் ஆயுள் முடிந்தது. இப்படி முடிந்த பதிப்புகள் பின்னர் வழக்கமான தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, ‘ஓல்டு-ரிலீஸஸ்’ என்னும் பழங்களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. நேற்று நடந்தது இன்று நடக்காத மர்மத்துக்குப் பல சமயங்களில் இதுவே விடை; கணினியில் ஒன்றும் மாறவில்லை, களஞ்சியத்தில்தான் மாறியிருக்கிறது. பட்டியலில் பழங்களஞ்சியத்தின் முகவரியை எழுதினால் பிழை நீங்கும். ஆனால் அங்கே பாதுகாப்புத் திருத்தங்கள் புதிதாக வருவதில்லையாதலால், அதைப் புதிய பதிப்புக்கு ஏறிச் செல்வதற்கான படியாக மட்டும் உபயோகிக்க வேண்டும்.

பதிப்பு மாறும்போது பெயர்களின் அமைப்பே மாறிவிடுவதும் உண்டு. டெபியனில் 2021-இல் ‘பஸ்டர்’ போய் ‘புல்ஸ்ஐ’ வந்தபோது, பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் ‘பஸ்டர்/அப்டேட்ஸ்’ என்ற வடிவத்திலிருந்து ‘புல்ஸ்ஐ-செக்யூரிட்டி’ என்ற வடிவத்துக்கு மாற்றப்பட்டது. பழைய பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி ‘புல்ஸ்ஐ/அப்டேட்ஸ்’ என்று எழுதியவர்களுக்கு, மற்ற வரிகள் யாவும் சரியாக இருக்க, மிக முக்கியமான அந்த ஒரு வரி மாத்திரம் பிழை காட்டிற்று. வட்டிலிருந்து டெபியனை நிறுவியவர்களுக்கு இன்னொரு சங்கடம்: ‘சிடிராம்’ என்று தொடங்கும் வரி பட்டியலில் தங்கிவிடுவதால், மென்பொருள் கேட்கும்போதெல்லாம் கணினி அந்த வட்டைத் தேடுகிறது. அந்த வரியின் தலையில் ‘ஹேஷ்’ குறி ஒன்றை இட்டுவிட்டால், ஆப்ட் அதை வெறும் குறிப்பாகக் கருதித் தாண்டிச் சென்றுவிடும்.

‘பொதுச் சாவி இல்லை’ என்னும் செய்தி பெரும்பாலும் பிறர் நடத்தும் தனிக் களஞ்சியங்களைச் சேர்க்கும்போது வருகிறது. கோப்பு வந்துவிட்டது, கையொப்பமும் இருக்கிறது, ஆனால் அதைச் சரிபார்க்கும் சாவி நம்மிடம் இல்லை. களஞ்சியத்தார் தமது தளத்தில் வெளியிட்டுள்ள சாவியைப் பெற்று, ‘கீரிங்ஸ்’ அடைவில் வைத்து, பட்டியலின் அந்த வரியில் மட்டும் ‘சைன்ட்-பை’ என்று அதைக் குறிப்பிட வேண்டும். முன்னாளில் ‘ஆப்ட்-கீ’ என்ற கட்டளையால் சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகும் நிலை இருந்தது. ஒரு சிறு மென்பொருளுக்காக நம்பிய ஒருவர், இயங்குதளத்தின் பொதிகளுக்கே கையொப்பமிடும் அதிகாரம் பெற்றுவிடக்கூடிய ஆபத்து அதில் இருந்தமையால், அம்முறை கைவிடப்பட்டது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது, ‘இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்னும் செய்தி. பட்டியலில் எழுத்துப்பிழை கிடையாது, முகவரி சரி, சாவியும் சரி. குற்றம் கடிகாரத்தில் இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது, தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் காசு வடிவமான சிறிய மின்கலம். ‘சிஆர்2032’ என்ற பெயரில் அது கடைகளில் கிடைக்கும். சில ஆண்டுகளில் அது ஓய்ந்துவிட்டால், கணினி விழிக்கும்போது தேதி பின்னோக்கிப் போயிருக்கக்கூடும். அந்தப் பழைய தேதியின்படி பார்த்தால், இன்று கையொப்பமிட்ட கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகிறது. அதனால் ஆப்ட் மறுக்கிறது. தேதியை அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பானேன் என்றால், முறைப்படி கையொப்பமிட்ட பழைய அட்டவணையொன்றை எவனாவது மறித்து நமக்குத் திரும்பத் திரும்ப அளித்து, புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வந்திருப்பதையே நாம் அறியாதவாறு செய்துவிட முடியும் என்பதனால்தான். கையொப்பம் உண்மையானதாக இருந்தும் நாம் ஏமாறக்கூடிய வழி அது; தேதிச் சோதனை அதை அடைக்கிறது. கடிகாரத்தைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் பிழை தானே மறையும்.

இப்பிழைகளுக்கெல்லாம் ஒரே மருந்தாக, பட்டியலின் வரியில் ‘டிரஸ்டெட்=யெஸ்’ என்று எழுதிவிடும்படி சிலர் சொல்லக் கேட்கலாம். எழுதினால் செய்தி மறைந்துவிடும் என்பது மெய்; கூடவே கையொப்பப் பரிசோதனையும் அந்தக் களஞ்சியத்தைப் பொறுத்தவரை ஒழிந்துபோகிறது. இதில் என்ன நஷ்டம் வரக்கூடும் என்பதை 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத் திட்டத்துக்கு நேர்ந்தது காட்டும். அவர்களுடைய இணையதளத்துக்குள் புகுந்த விஷமிகள், நிறுவல் கோப்புக்குரிய இணைப்பை மாற்றி, இரகசிய வாசல் வைத்த வேறொரு கோப்பைச் சுட்டும்படி செய்துவிட்டார்கள். அன்று அங்கே கோப்பைப் பெற்று, சரிபார்க்காமல் நிறுவியவர்களே ஆபத்துக்குள்ளானார்கள். ஏற்கெனவே நிறுவிய கணினியில், கையொப்பச் சோதனையோடு களஞ்சியத்திலிருந்து திருத்தங்களைப் பெற்றுவந்தவர்களுக்கு இதனால் பாதகம் இல்லை. தொடர்ச்சியின் முதற்கண்ணியான நிறுவல் கோப்பையும் சரிபார்த்தே உபயோகிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

கையொப்பம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் இங்கே நேர்மையாகக் கூறிவிட வேண்டும். பொதி யாரிடமிருந்து வந்தது, வழியில் மாறியதா என்பவற்றுக்கு அது சாட்சி. பொதிக்குள் இருப்பது நன்மையா தீமையா என்பதற்கு அது சாட்சியாகாது. 2024 மார்ச் 29-ஆம் நாள், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் நிரலர், ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசிய வாசல் புதைந்திருப்பதை உலகுக்கு அறிவித்தார். தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி போல அதிகமாவதை ஐயுற்று ஆராய்ந்ததன் பயனாக அவர் அதைக் கண்டார். அந்தப் பொதி முறையான கையொப்பங்களோடு டெபியனின் சோதனைப் பதிப்புகளில் நுழைந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பை அது எட்டவில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் நிலையான பதிப்பையே வைத்துக்கொள்வதும், ஒரே பட்டியலில் வெவ்வேறு பதிப்புகளின் வரிகளைக் கலக்காமல் இருப்பதும் ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது. மூலப் பட்டியலில் கைவைக்கும் முன் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தோன்றும் செய்திகளில் முதற்பிழையை முழுவதும் படியுங்கள். பின்னால் வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. எழுத்தா, முகவரியா, பதிப்பின் பெயரா, சாவியா, கடிகாரமா என்று கேட்டு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் திருத்தி, மறுபடியும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வேண்டாத வரியை அழித்துவிடாமல், தலையில் குறியிட்டு நிறுத்தி வையுங்கள். பிழையை நீக்குவதற்காகப் பரிசோதனையை நீக்குமாறு யார் கூறினாலும் அதற்குச் சம்மதியாதீர்கள். நாம் ஒருபோதும் நேரில் காணாத ஆயிரக்கணக்கானோர் ஆக்கிய மென்பொருளை வீட்டில் இருந்தபடியே நம்பிக்கையோடு உபயோகிக்க முடிவது, அந்தப் பரிசோதனைகள் இருப்பதனால்தான்.